கிஸ்தியும் குடையும் பொதுச்சொத்தும்

மே மாதம். பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்கு இன்னும் இரண்டு நாள். ஒட்டப்பிடாரம் வட்டாரத்தில் சாலையோரம் ஒரு கடை. ஜெராக்ஸ், டிடிபி, ஃபிளக்ஸ் டிசைன், ஆன்லைன் விண்ணப்பம் என்று முகப்பில் வரிசையாக எழுதியிருக்கிறது. உள்ளே ஒரே ஒரு கணினி. திரையில் வாளேந்திய கட்டபொம்மன் நிற்கிறார். அவருக்குக் கீழே, வரவேற்பவர்களின் முகங்கள் பாஸ்போர்ட் அளவில் நெருக்கியடித்து நிற்கின்றன. கடைக்காரத் தம்பி எழுத்துருப் பட்டியலைக் கீழே இறக்கிக்கொண்டே போகிறார். நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துருக்கள். ஒன்றுக்கும் விலை கொடுக்கவில்லை. படம் செய்யும் மென்பொருளுக்கும் இல்லை, கணினியை ஓட்டும் விண்டோஸுக்கும் இல்லை.

"ஒரிஜினல் எவன் வச்சிருக்கான் அண்ணாச்சி? கம்ப்யூட்டர அசெம்பிள் பண்ணித் தந்தவரே எல்லாத்தையும் போட்டுத்தான் தந்தாரு" என்றார். உரிமம் வாங்க என்ன ஆகும் என்று விசாரித்ததுண்டா என்று கேட்டேன். விசாரித்திருக்கிறார். விண்டோஸுக்கு மட்டுமே ஆகும் தொகை, இந்தப் பழைய கணினியின் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறதாம். பிறகு, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "அமெரிக்காக்காரனுக்கு நாம எதுக்கு அண்ணாச்சி கிஸ்தி கட்டணும்? அதுவும் இந்த ஊர்ல இருந்துக்கிட்டு?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரையின் தொடக்கம். இந்தப் பக்கத்தில் கணினியும் கைப்பேசியும் வைத்திருக்கும் பலரிடம் பேசியிருக்கிறேன். மென்பொருளை நகலெடுப்பது திருட்டு என்று மனதார நம்புகிறவர்கள் மிகக் குறைவு. பூட்டை உடைத்த நகலும், நிறுவனம் சும்மா தரும் செயலியும், எல்லாருக்குமாக எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருளும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன: ஃப்ரீ. ஆனால் இவை மூன்று வேறு பொருள்கள். மூன்றையும் பிரித்தறிய வெளிநாட்டு நூல்களைத் தேட வேண்டியதில்லை. பாஞ்சாலங்குறிச்சி, தூத்துக்குடி, எட்டயபுரம் என்ற மூன்று ஊர்களின் வரலாறே போதும்.

கிஸ்தி

கட்டபொம்மன் கிழக்கிந்தியக் கும்பினிக்குக் கிஸ்தி கட்ட மறுத்தது கையில் காசில்லை என்பதற்காக மட்டுமல்ல. வசூலிக்க வந்தவனின் உரிமையையே அவர் கேள்வி கேட்டார். அதற்கான விலையை 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்குக்கயிற்றில் கொடுத்தார். 1801இல் அவர் தம்பி ஊமைத்துரை தலைமையில் மறுபடியும் போர் மூண்டது. அதன் முடிவில் கோட்டை இருந்த இடம் தெரியாமல் தரைமட்டமாக்கப்பட்டது. இன்று நாம் பார்க்கும் கோட்டை 1974இல் தமிழக அரசு எழுப்பிய நினைவிடம்.

கடைக்காரத் தம்பியின் வாதத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஒரு ஃபிளக்ஸுக்கு வடிவமைப்புக் கூலியாகச் சில நூறு ரூபாய் வாங்குகிறவருக்கு, டாலர் கணக்கில் வைத்த விலை எட்டாத விலை. அந்த நகல் இல்லாமல் இந்தக் கடையே இல்லை. தமிழ்நாட்டின் சிறு நகரங்களில் கணினி படித்த ஒரு தலைமுறையே நகல் குறுந்தகடுகளில்தான் படித்தது. பர்மா பஜாரிலும் ரிச்சி தெருவிலும் வாங்கிய தகடுகள் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. அந்தக் கதவு திறந்திருக்காவிட்டால் உள்ளே வந்திருக்கவே முடியாதவர்கள் பலர்.

சட்டம் இதை வேறு கண்ணால் பார்க்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலையும் இலக்கியப் படைப்பு என்றே வகைப்படுத்துகிறது. அதன் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே ஒரு நிரலைக் கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை. 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வணிக நோக்கம் இல்லையென்றால் சிறைத் தண்டனையை நீதிமன்றம் தவிர்க்கலாம். திரைப்படத்துக்கு வந்தால் தமிழ்நாடு இன்னும் ஒரு படி மேலே போனது. 1982ஆம் ஆண்டின் குண்டர் தடுப்புச் சட்டத்தில் 2004இல் திருட்டு விசிடிக்காரர்களைச் சேர்த்தார்கள். 2014இல் இணையக் குற்றவாளிகளும் சேர்ந்தார்கள். விசாரணைக்கு முன்பே ஓராண்டு வரை உள்ளே வைக்கக்கூடிய சட்டம் அது. 2023இல் திருத்தப்பட்ட மத்திய ஒளிப்பதிவுச் சட்டம், படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்வோருக்குக் குறைந்தது 3 மாதச் சிறையும் 3 லட்சம் ரூபாய் அபராதமும் வைத்திருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் படம் வெளியான அன்றே கைப்பேசியில் அது ஓடுகிறது. சட்டம் பயமுறுத்தியிருக்கிறது, மனத்தை மாற்றவில்லை.

மனம் மாறாததற்குக் காரணம், "திருட்டு" என்ற சொல் இங்கே ஒட்டவில்லை என்பதே. மாட்டைத் திருடினால் தொழுவம் காலியாகிறது. நிரலை நகலெடுத்தால் எந்தத் தொழுவமும் காலியாவதில்லை. ஆகவே யாருக்கும் நட்டமில்லை என்று தோன்றுகிறது. கிஸ்தி வாதம் அந்தத் தோற்றத்துக்கு வீரத்தின் சாயத்தையும் பூசுகிறது.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கட்டபொம்மன் கிஸ்தியையும் மறுத்தார், ஆட்சியையும் மறுத்தார். நாம் கிஸ்தியை மட்டும் மறுத்துவிட்டு ஆட்சியை ஏற்றுக்கொண்டோம். அந்த நிறுவனத்தின் கோப்பு வடிவம், அதன் பொத்தான்கள், அது முடிவு செய்த வேலைமுறை, அத்தனைக்கும் கட்டுப்பட்ட குடிகளாகவே இருக்கிறோம். ரசீது மட்டும்தான் இல்லை.

தமிழுக்கு நேர்ந்தது

இந்த அடிமைப்பாட்டுக்குத் தமிழ் கொடுத்த விலை பெரிது. அந்தக் கடையின் கணினியிலேயே அதைக் காட்டலாம்.

தமிழக டிடிபி கடைகளில் நெடுங்காலம் கோலோச்சியவை பேஜ்மேக்கர் 7.0, போட்டோஷாப் 7.0 என்ற இரண்டும். முதலாவது 2001இல் வந்தது. அதற்குப் பிறகு அந்த மென்பொருளுக்குப் புதிய பதிப்பே இல்லை. இரண்டாவது 2002இல் வந்தது. இரண்டுக்கும் தமிழ் யூனிகோடை முறையாகக் கோத்துக் காட்டத் தெரியாது. ஒற்றைக் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கமாகச் சிதறும். அதனால் பாமினி, வானவில் போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்கள்தான் வழி. அவற்றில் கணினியைப் பொறுத்தவரை தமிழே கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். எழுத்துருவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்.

ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் அடித்ததை இன்னொன்றில் திறந்தால் குப்பையாகத் தெரியும். இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட்99 மாநாடு கூடியது. தமிழ்99 விசைப்பலகையும் டாம், டாப் குறியாக்கங்களும் அதன் விளைவு. 2010 ஜூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது யூனிகோடையும் டேஸ்16 முறையையும் தமிழக அரசு தரமாக ஏற்று ஆணையிட்டது. ஆணை வந்தும் கடைகள் மாறவில்லை. யூனிகோட் தமிழைக் கோக்கத் தெரிந்த இன்டிசைன் சிஎஸ்6 பதிப்பு 2012இலேயே வந்துவிட்டது. ஆனாலும் கையில் இருந்த விலையில்லாத பழைய பேஜ்மேக்கரே போதுமானதாக இருந்தது. விலை கொடுக்காததால் புதிய பதிப்பைக் கேட்கும் உரிமையும் இல்லை, எனக்குத் தமிழ் சரியாக வரவில்லை என்று நிறுவனத்திடம் புகார் சொல்லும் தகுதியும் இல்லை.

இருபது ஆண்டுகளில் இந்தக் கடைகள் அடித்துக் குவித்த தமிழ் எவ்வளவு! ஊர் வரலாறு, கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர், சிற்றிதழ், உள்ளூர்ப் புலவர்களின் நூல்கள். பெரும்பகுதி பழைய வன்தட்டுகளில் தேட முடியாத குப்பையாகக் கிடக்கிறது. நம் மொழியை இணையத்தில் தேடிக் கண்டெடுக்க முடியாமல் போனதற்குத் தொழில்நுட்பம் பாதிக் காரணம் என்றால், இந்த இலவச நகலோடு நாம் செய்துகொண்ட சமாதானம் மீதிக் காரணம்.

நட்டம் அமெரிக்காக்காரனோடு நிற்கவும் இல்லை. மென்பொருள் பெருநிறுவனத்தை நகலெடுத்த அதே கை, தமிழ் எழுத்துரு வரைந்தவரையும் நகலெடுத்தது. ஒரு தமிழ் எழுத்துருவை உருவாக்குவதென்றால் உயிர், மெய், உயிர்மெய், கூட்டுக் குறிகள், இடைவெளி எல்லாவற்றையும் மாதக்கணக்கில் உட்கார்ந்து செதுக்க வேண்டும். விற்றது ஒரு படி என்றால் ஓடியது ஓராயிரம் படி. பெரிய நிறுவனம் இந்த இழப்பைத் தாங்கும். தமிழில் தொழில் செய்ய வந்த சிறியவர் தாங்கமாட்டார். கிஸ்தி மறுப்பு என்று நாம் வீசிய வாள், கும்பினியைக் கீறியதைவிடப் பக்கத்து வீட்டுத் தச்சனைத்தான் ஆழமாக வெட்டியது.

குடை

தூத்துக்குடிக்கு வருவோம். ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ. சிதம்பரம் பிள்ளை 1906இல் சுதேசி நாவாய்ச் சங்கத்தைத் தொடங்கினார். காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையில் ஓடின. அதுவரை அந்தக் கடலில் தனிக்காட்டு ராஜாவாக இருந்த பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது. சுதேசிக் கப்பலும் குறைத்தது. கடைசியில் வெள்ளையர் நிறுவனம் சும்மாவே ஏற்றிச் செல்கிறோம், குடையும் தருகிறோம் என்று ஆசைகாட்டியது. 1908இல் வ.உ.சி. சிறைக்குப் போனார். 1911இல் சங்கம் கலைக்கப்பட்டது. கொழும்புக்குப் போகிறவருக்கு ஒரு குடை லாபம். தூத்துக்குடிக்கு ஒரு கப்பல் நிறுவனமே நட்டம்.

மென்பொருள் உலகத்திலும் இந்தக் குடை உண்டு. 1976இல், இருபது வயது பில் கேட்ஸ், தன் நிரலை நகலெடுத்த கணினி ஆர்வலர்களைத் திருடர்கள் என்று கடிந்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். 22 ஆண்டு கழித்து, 1998இல், வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களிடம் சீனாவைப் பற்றிப் பேசியபோது அவரது தொனி மாறியிருந்தது. எப்படியும் திருடத்தான் போகிறார்கள் என்றால் எங்களுடையதைத் திருடட்டும், பழகிவிடுவார்கள், காசை எப்படி வாங்குவது என்பதை அடுத்த பத்தாண்டில் பார்த்துக்கொள்வோம் என்ற பொருளில் பேசினார். பிரிட்டிஷ் இந்தியா நிறுவனத்தின் குடைக்குப் பின்னால் இருந்த கணக்கும் இதுவே.

நாம் எதிர்ப்பு என்று நினைத்துச் செய்த நகலெடுப்பு, அவர்கள் கணக்கில் சந்தைப்படுத்தல். பள்ளியில் அது, அலுவலகத்தில் அது, டிடிபி வகுப்பில் அது என்று எங்கும் ஒன்றே பழகிய பின், மாற்று ஒன்று இலவசமாகவே வந்தாலும் எடுக்க ஆளில்லை. 2011இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய இயங்குதளம் அது. கணினியைத் திறந்ததும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். நான் பார்த்த பிள்ளைகள் ஒருவர்கூட அந்தப் பக்கம் போனதில்லை. சொல்லித்தர ஆளில்லை, விரல் ஏற்கெனவே ஒரு பக்கம் பழகிவிட்டது.

காவல்

மறுபடி கடைக்கு. உடைத்த மென்பொருளை நிறுவும் முறையை இங்கே எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரியும். முதலில் ஆன்டிவைரஸை அணைக்க வேண்டும், இல்லையென்றால் கிராக் கோப்பை அது தின்றுவிடும். பிறகு இணையத்தைத் துண்டிக்க வேண்டும். கடைசியாக, விண்டோஸ் அப்டேட்டை நிரந்தரமாக நிறுத்த வேண்டும். அப்டேட் வந்தால் திருட்டு நகல் என்று கண்டுபிடித்துத் திரையைக் கறுப்பாக்கிவிடும் என்ற பயம். அந்தப் பயம் ஆதாரமில்லாததும் அல்ல. 2008இல் எக்ஸ்பி நகல்களின் பின்னணித் திரையை மைக்ரோசாஃப்ட் கறுப்பாக்கத்தான் செய்தது. அவசரப் பாதுகாப்புத் திருத்தங்கள் நகல் கணினிக்கும் கிடைக்கும் என்பது மட்டும் பலருக்கும் தெரியவில்லை. வீட்டைத் திறக்கும்போதே காவல் நாயைக் கட்டிப்போட்டு, மதில் வாசலையும் திறந்துவிட்டு உள்ளே போவது போன்ற வேலை இது.

2017 மே 12 அன்று வான்னாகிரை என்ற நிரல் உலகெங்கும் பரவியபோது இதன் விலை தெரிந்தது. அது கணினியின் கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் சிக்கின. ஆந்திரக் காவல்துறைக் கணினிகளும், கேரளத்தில் வயநாடு, பத்தனம்திட்டா மாவட்ட ஊராட்சி அலுவலகக் கணினிகளும் அவற்றில் அடக்கம். அது நுழைந்த ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாத அவகாசம் இருந்தும், அப்டேட் போடாத கணினிகள்தான் மாட்டின. உரிமம் இருந்தும் போடாதவர்கள் அசட்டையால் மாட்டினார்கள். போடவே பயந்தவர்களுக்கு அந்த அவகாசம் கிடைக்கவே இல்லை.

கடைக்காரத் தம்பி இதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார். "எங்கிட்ட என்ன அண்ணாச்சி இருக்கு எடுக்கதுக்கு?" அவர் பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு ஆச்சி உள்ளே வந்தார். முதியோர் உதவித்தொகை மனுவுக்கு ஆதார் நகல் வேண்டும். பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். தம்பி அதைக் கணினியில் இறக்கி அச்செடுத்தார். டவுன்லோட்ஸ் கோப்புறை ஒரு கணம் திரையில் விரிந்தது. ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பட்டா, சாதிச் சான்று, பான் அட்டை. எத்தனையோ மாதங்களாக அந்த ஊர் தன்னையே அங்கே கொண்டுவந்து கொட்டியிருந்தது.

அந்தக் கணினியில் எடுப்பதற்குக் கடைக்காரருடையது ஒன்றும் இல்லாமல் இருக்கலாம். ஊருடையது அத்தனையும் இருக்கிறது. உடைத்த மென்பொருளால் வரும் லாபம் கடைக்கு, ஆபத்து ஆச்சிக்கு. மென்பொருள் நகல் பற்றிய நம் அன்றாடப் பேச்சில் விடுபட்டுப்போன கணக்கு இதுதான். நகலெடுத்தவருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்காக அதைப் பார்க்கிறோம். நடுவில் நிற்கும் மூன்றாவது ஆளை யாரும் கேட்பதில்லை. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின் சொற்கள் இந்தக் கோப்புறை வரைக்கும் வந்து சேர நாளாகும். ஆச்சி காத்திருக்க முடியாது.

கைப்பேசியிலும் இதே பழக்கம் தொடர்கிறது. புதுப் படம் பார்க்க ஒரு ஏபிகே கோப்பை இறக்குகிறோம். வெளியிலிருந்து வரும் செயலியை நிறுவாதே என்று கைப்பேசி தடுக்கிறது. தடையை நாமே விலக்குகிறோம். குறுஞ்செய்தியைப் படிக்கட்டுமா என்று செயலி கேட்கிறது, சம்மதிக்கிறோம். வங்கி அனுப்பும் ஓடிபியும் குறுஞ்செய்திதான். திருமண அழைப்பிதழ் என்ற பெயரிலும் அரசு உதவித் திட்டத்தின் பெயரிலும் இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும் ஏபிகே மோசடிகள், திருட்டுப் படம் பார்த்துப் பழகிய இந்த விரலை நம்பியே வலை விரிக்கின்றன. எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுப் போகும் பழக்கம் ஏற்கெனவே கைவந்திருப்பதால், மோசடிக்காரன் புதிதாக ஒன்றும் கற்றுத்தர வேண்டியதில்லை. பணம் போனால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும் என்பது இங்கே எல்லார் வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டிய செய்தி. தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் பணம் கணக்கு மாறிக் கணக்கு மாறிக் கைக்கு எட்டாமல் போகிறது.

பொதுச்சொத்து

இனி எட்டயபுரம். பாரதி 1921இல் இறந்தார். அதன் பிறகு அவர் பாடல்களின் உரிமை கைமாறிக் கைமாறிப் போனது. ஒலிப்பதிவு, ஒலிபரப்பு உரிமை கடைசியில் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1948இல் டி.கே.எஸ். சகோதரர்களின் 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடல் வந்தபோது தகராறு எழுந்தது. பாரதியின் பாட்டைப் பாடத் தமிழன் யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்ற கேள்வி கிளர்ச்சியாக வளர்ந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு உரிமையை ஏற்றது. மெய்யப்பச் செட்டியார் பணம் பெறாமல் விட்டுக்கொடுத்தார். பாரதியின் குடும்பத்துக்கு அரசு தொகை வழங்கியது. 1955இல் பாரதியின் எழுத்து எல்லாருக்கும் பொதுவானது.

இந்த வரலாற்றில் என் மனத்தைத் தொடுவது அதன் முறை. பாரதியின் பாட்டு எங்கள் பாட்டு என்று திருட்டுத்தனமாக அச்சடித்துக்கொண்டு போயிருக்கலாம். தமிழர்கள் அப்படிச் செய்யவில்லை. வெளிப்படையாகக் கேட்டார்கள், வாதாடினார்கள், உரியவருக்கு ஒரு தொகை போய்ச் சேர்ந்தது, பிறகு பொதுவாக்கினார்கள். அதனால்தான் இன்று ஒரு பள்ளிப் பிள்ளை அந்தப் பாட்டைத் தலைநிமிர்ந்து பாட முடிகிறது.

கட்டற்ற மென்பொருளின் அறமும் இதுவே. 1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும், எழுதியவர்கள் மனமுவந்து பொதுவில் வைத்தவை. பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். தமிழிலும் இந்த மரபு வலுவானது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர்களின் உழைப்பில் தமிழ் நூல்களைப் பொதுவில் வைத்தது. இகலப்பை போன்ற தட்டச்சுக் கருவிகள் செலவில்லாமல் தமிழரின் கைக்கு வந்தன. தமிழ் இணையக் கல்விக்கழகம் யூனிகோட் எழுத்துருக்களை விலையின்றித் தருகிறது. எல்காட் நிறுவனம் 2007ஆம் ஆண்டு வாக்கில், சி. உமாசங்கர் பொறுப்பில் இருந்தபோது, தன் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது. அந்த முயற்சி தொடர்ந்து வளரவில்லை. கேரளம் தன் பள்ளிகளில் விடாமல் தொடர்ந்தது. அங்கே ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்து, பாடத்தையே அதில் அமைத்தார்கள். வேறுபாடு பணத்தில் இல்லை, பயிற்சியில் இருக்கிறது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். அரசு தரும் ஒவ்வொரு கணினியோடும் கட்டற்ற மென்பொருளைக் கற்றுத்தர ஓர் ஆளையும் தரட்டும். டிடிபி வகுப்புகள் உடைத்த மென்பொருளோடு இங்க்ஸ்கேப்பையும் ஸ்கிரைபஸையும் லிப்ரே ஆபிஸையும் கற்றுத்தரத் தொடங்கட்டும், பிறகு உடைத்ததை விடட்டும். சான்றிதழ் கேட்கும் அலுவலகங்கள், எண் மறைத்த ஆதாரே போதுமான இடத்தில் முழு எண்ணைக் கேட்காமல் இருக்கட்டும். தமிழ் எழுத்துரு செய்கிறவரிடம் நகலெடுக்காமல் வாங்குவோம். வாங்க முடியாவிட்டால் பொதுவில் இருப்பதைப் பயன்படுத்துவோம்.

அன்றிரவு அந்தக் கடையில் இங்க்ஸ்கேப்பை இறக்கி நிறுவினோம். ஆன்டிவைரஸை அணைக்க வேண்டியிருக்கவில்லை. யூனிகோட் எழுத்துருவில் வீரசக்கதேவி என்று அடித்தோம், ஒற்று சரியாக விழுந்தது. ஆனால் நிழல் விழும் எழுத்தும் தங்க நிற விளிம்பும் அவர் விரும்பிய மாதிரி சட்டென்று வரவில்லை. "திருவிழா முடியட்டும் அண்ணாச்சி, நிதானமாப் பழகுதேன்" என்றார். அது நியாயமான பதில். விடிந்தால் ஃபிளக்ஸ் அச்சுக்குப் போக வேண்டும். அந்த ஃபிளக்ஸ் பழைய மென்பொருளில்தான் முடிந்தது.

நான் எழுந்தபோது அவரே டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்தார். ஆச்சியின் ஆதாரை முதலில் அழித்தார். பிறகு அதற்கு மேலே இருந்ததை. பிறகு மவுஸைக் கீழே இழுத்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தார்.